சங்கிலியின் வலது கண்

மணி பகல் பன்னிரண்டரை.

ஆமாம், பகல்தான். அழகுபாண்டி இப்போதே சிரிக்கிறான் பாருங்கள். பேய்க் கதை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் நடக்க வேண்டும் என்று யாரோ இவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் போல. கரண்ட் வந்துவிட்டால் நீங்கள் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவீர்கள், அதற்குள் சொல்லிவிடுகிறேன். பவதாரிணி, அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் காற்றுக்கு மறைவாக வை. மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்திருப்பவர்கள் இறங்கி வாருங்கள்... இன்னும் கொஞ்சம் நெருங்கி.

பங்குனி மாதம். அப்பன்திருப்பதி தாண்டி அழகர்கோவில் போகிற ரோடு. அந்த வெயிலில் ஆடுமாடுகூட ரோட்டில் நிற்காது. தார் இளகி டயரில் ஒட்டிப் பிரிகிற சத்தம் மட்டும்... சர்ர்... சர்ர்... ஒரு குட்டியானை வண்டி வருகிறது. பரவை மார்க்கெட்டிலிருந்து ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காய்கறி ஏற்றிப் போய் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி. உள்ளே இரண்டே பேர். ஒருவன் சங்கிலி. இன்னொருவன் பீமாராவ். சங்கிலியின் பெண்டாட்டி முத்துமீனா, பீமாராவின் கூடப்பிறந்த தங்கை. என் நண்பன் பாண்டிராஜுக்கு இந்த அண்ணனும் தங்கையும் பெரியப்பா பிள்ளைகள். எனக்கு இந்தக் கதை அந்த வழியாகத்தான் வந்தது. ஒரு பகுதி நானே கண்ணால் பார்த்தது.

வண்டி புளியமரத்தில் மோதிய சத்தம் கேட்டு வயலில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பேருமே ரோட்டில் கிடந்தார்கள். முன்கண்ணாடி தூள் தூளாகக் கிடந்தது. ஒரு பிராந்தி பாட்டில் உடைந்து, சுடுகிற தாரிலிருந்து அந்த வாடை எழும்பிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து கொத்தமல்லி வாடை. மிச்சமாகத் திரும்பிய இரண்டு கட்டு ரோட்டில் சிதறி வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தது. பீமாராவுக்கு மூச்சு இல்லை. சங்கிலியின் வலது கண்ணில் கண்ணாடி ஏறியிருந்தது.

சங்கிலிக்கு நினைவு தப்பவில்லை. போலீஸ் கேட்டபோது தெளிவாகச் சொன்னான். வண்டியை ஓட்டியது பீமாராவ். குடித்திருந்தான். நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. அவ்வளவுதான். ஓட்டியவனே செத்துவிட்டான் என்றால் கேஸ் அத்தோடு படுத்துவிடும். வேறு சாட்சி கிடையாது. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் யார் இருந்தார்கள்?

இப்போது முத்துமீனாவைச் சொல்ல வேண்டும். அப்பா இல்லாத பெண். அண்ணன்தான் மூட்டை தூக்கி வளர்த்தான், படிக்க வைத்தான். தன்னோடு மார்க்கெட்டில் வேலை செய்கிற சங்கிலி நல்லவன், நமக்குத் தெரிந்தவன் என்று அவனுக்குக் கட்டிக் கொடுத்ததும் அண்ணன்தான். அப்படிப்பட்ட அண்ணன் குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தன் புருசனின் கண்ணைக் கெடுத்துவிட்டான் என்று கேட்டதும் அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில் கண் தானம் பற்றிப் பேச ஆட்கள் வந்தார்கள். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்கள். இவள் யோசிக்கவே இல்லை.

"எம் புருசன் கண்ணக் கெடுத்தவனுக்குக் கண்ணு ஒரு கேடா? எடுத்துக்கிட்டுப் போங்க."

அம்மா ராக்கம்மாள் மகளின் காலைப் பிடித்தாள். "அவனக் குருடனா அனுப்பாதடி" என்று கெஞ்சினாள். முத்துமீனா அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, காகிதத்தில் வைத்தாள். அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நமக்குத் தெரியும், கண் தானம் எவ்வளவு பெரிய காரியம் என்று. இரண்டு பேருக்கு வெளிச்சம் வந்திருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோபத்தில் கொடுத்த தானம் அது. அண்ணன் உடம்பு வீட்டுக்கு வந்தபோது அவள் வாய்க்கரிசி போடவில்லை. முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள் என்று பெண்கள் கூப்பிட்டபோது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஆனையூரில் இவர்கள் குடியிருந்த வீட்டில் பீமாராவ் போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. அதையும் கழற்றிப் பரணில் போட்டாள். ஆணி மட்டும் சுவரில் நின்றது.

சங்கிலி நம் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவனுடைய கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். குழிக்குள் கண் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் உருண்டை வைத்து மூடினார்கள். ஆடி மாதத்தில் உருண்டை சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நீங்கள் புதிதாக வந்தவர்கள், இனிமேல் நிறையப் பார்ப்பீர்கள். சிலருக்கு அப்படி ஆகும். குழி சுருங்கிப்போய்விட்டது. கீழ் இமைக்குள் ஒரு பை மாதிரி இடம் இருக்க வேண்டும், அங்கேதான் நாம் செய்கிற செயற்கைக் கண் உட்காரும். அதுவே இல்லை.

ஆவணியில் டாக்டர் மறுபடி ஆபரேஷன் செய்தார். உதட்டின் உட்பக்கத் தோலை எடுத்துக் குழியில் வைத்துத் தைத்தார். புது உருண்டை வைத்தார். இந்தத் தடவை உருண்டையை வெறுமனே வைக்கவில்லை. கண் வங்கியில், தானமாக வந்த கண்ணில் கருவிழியை எடுத்த பிறகு மீதி இருக்கிற வெள்ளைப் பகுதியைப் பக்குவம் செய்து வைத்திருப்பார்கள் இல்லையா... அதை உருண்டையின்மேல் போர்த்தித் தைத்தார். கண்ணை அசைக்கிற தசைகளை அந்த வெள்ளையோடு சேர்த்துத் தைத்தார். இனி இது வெளியே வராது, அசைவும் நன்றாக இருக்கும் என்றார்.

யாருடைய வெள்ளை? எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அதில் ஒரு நம்பர்தான் இருக்கும், பெயர் இருக்காது. மதுரையில் ஒரு வருசத்தில் எத்தனை பேர் கண் கொடுக்கிறார்கள்... யாருடையதாகவும் இருக்கலாம். அந்த நம்பருக்குரிய பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் அதைக் கையில்கூட எடுத்தேன். திறக்காமல் வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் சங்கிலி என்னிடம் வந்தான். மெழுகில் அச்சு எடுத்து, சிப்பி மாதிரி வார்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவனை உட்கார வைத்து, இடது கண்ணைப் பார்த்துப் பார்த்து வலது கண்ணை வரைந்தேன். அடர்ந்த கருப்பு. அதில் சாயம் சேர்ப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள், கருப்பில்தான் பிசகும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நூலுக்குச் சாயம் போட்டவர்கள், அதனால் எனக்குக் கை பழகியிருந்தது. பொருத்தி முடித்ததும் விரலை நீட்டி அப்படியும் இப்படியும் நகர்த்தினேன். இரண்டு கண்ணும் சேர்ந்தே போயின. இடது, வலது, மேல், கீழ். டாக்டரே வந்து பார்த்து என் தோளைத் தட்டினார். நான் செய்ததிலேயே நல்ல கண் அது என்று அன்றைக்குப் பெருமையாக வீட்டில்கூடச் சொன்னேன்.

தை மாதத்தில் முத்துமீனா தனியாக என்னைப் பார்க்க வந்தாள். புருசனைக் கூட்டிவரவில்லை. அவன் ஒரு கண்ணோடு வண்டி ஓட்ட முடியாமல் மார்க்கெட்டில் ராத்திரிக் காவலுக்குப் போகிறான், பகலில் தூங்குகிறான் என்று சொன்னாள். தூங்கும்போது வலது கண் முழுக்க மூடுவதில்லையாம். நான் சிரித்துக்கொண்டே, செயற்கைக் கண் வைத்த நிறையப் பேருக்கு அப்படித்தான், இமை ஒரு கீற்று திறந்தே இருக்கும், பயப்பட வேண்டாம் என்றேன்.

"அது தெரியும் சார். ஆனா அந்தக் கண்ணு என்னையப் பாக்குது."

வீட்டைப் பெருக்கும்போது விளக்குமாறு போகிற பக்கம் வருகிறதாம். அடுப்படிக்குப் போனால் அடுப்படிப் பக்கம். துணி மடிக்க உட்கார்ந்தால் கீழே. தூக்கத்தில் கண் உருளும், இரண்டு கண்ணும் சேர்ந்து உருளும், அதுதான் அப்படித் தெரிகிறது என்று விளக்கம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள், தானும் அப்படித்தான் நினைத்து, புருசன் அசந்து தூங்கும்போது இடது கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாளாம். இடது கண் மேலே செருகி வெள்ளையாக இருந்ததாம். தூங்குகிறவன் கண் எப்படி இருக்குமோ அப்படி.

வலது கண் நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

இரண்டு கண்ணையும் அசைப்பது ஒரே மூளை. ஒன்று மேலே போனால் மற்றதும் மேலேதான் போக வேண்டும். படித்த எவனுக்கும் தெரியும் அது. வெயில் வெளிச்சத்தில் அப்படித் தெரிந்திருக்கும் என்று ஏதோ உளறி அனுப்பிவைத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். ஒப்பிக்கிற மாதிரி, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னாள். அதனால்தான் நம்பினேன்.

மாசி மாதம். பகல் பன்னிரண்டு தாண்டியிருக்கும். தெருவில் சத்தமே இல்லை. மின்விசிறி மட்டும்... டக்... டக்... டக்... சங்கிலி தரையில் பாய் போட்டு மல்லாந்து தூங்குகிறான். இவள் வேண்டுமென்றே அவன் தலைமாட்டிலிருந்து எழுந்து சுவர் ஓரமாக நடந்தாள். கண் கூடவே வந்தது. செயற்கைக் கண் காய்ந்துபோனால் இமையில் உரசும்போது ஒரு சத்தம் கேட்கும், ஈர விரலைக் கண்ணாடித் தம்ளரில் தேய்த்த மாதிரி... கீச்... அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. வீட்டுக்குள் கொத்தமல்லி வாடை. வெயிலில் வதங்கிய கொத்தமல்லி. அன்றைக்கு வீட்டில் கொத்தமல்லி வாங்கவே இல்லை.

யார் என்று கேட்டாளாம். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கண் அவளை விட்டு மெதுவாக நகர்ந்து சுவருக்குப் போனது. போட்டோவைக் கழற்றிய இடம். வெறும் ஆணி. அங்கேயே நின்றது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு மாசமாக வாயில் வராத வார்த்தை வந்தது. "அண்ணே."

கண் ஆணியை விட்டு அவளிடம் திரும்பி வந்தது. ஓரத்தில் தண்ணீர் கட்டி, கன்னத்தில் இறங்கி, காதுக்குள் போனது. சங்கிலிக்கு முழிப்பு வரவில்லை. குறட்டை மாறவே இல்லை.

"நீ அன்னைக்குக் குடிச்சிருந்தியாண்ணே?"

கீச்... கண் இடது பக்கம் போனது. கீச்... வலது பக்கம் போனது. மறுபடி இடது. இல்லை என்று தலையாட்டுகிறோமே, அதே மாதிரி.

"நீ ஓட்டலையா?"

இல்லை.

அடுத்த கேள்வியைக் கேட்க அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. கேட்டால் அதற்கப்புறம் இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று பயம். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"அப்ப யாருண்ணே ஓட்டுனது?"

கண் உள்பக்கமாக, மூக்கை நோக்கித் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. நான் வரைந்த கருப்பு முழுவதும் மூக்கோரத்தில் புதைந்து, வெளியே வெறும் வெள்ளை மட்டும் தெரியும்வரை திரும்பியது. பக்கத்திலேயே இன்னொரு கண் இருக்கிறதே, அந்தப் பக்கம்.

அங்கே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான் சங்கிலி.

வேறு ஒருத்தியாக இருந்தால் அப்போதே அவனை எழுப்பி உலுக்கியிருப்பாள். இவள் எழுந்து போய் உலை வைத்தாள். நாலு மணிக்கு எழுப்பிச் சோறு போட்டாள். சோறு போட்டுக்கொண்டே, வண்டியை யார் ஓட்டியது மாமா என்று சாதாரணமாகக் கேட்டாள். உன் அண்ணன்தான், எத்தனை தடவை சொல்வது என்று எரிந்து விழுந்தான். அப்படியென்றால் அண்ணனுக்கு வருசம் கழிக்கிற அன்று கருப்பு வாசலில் வந்து அதைச் சொல்லிவிடுங்கள், அம்மா மனசு ஆறட்டும் என்றாள்.

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடிய கதவுதான் அங்கே சாமி. நிலத்தகராறோ களவோ, போலீஸில் தீராதது அந்தக் கதவுக்கு முன்னால் தீரும். அங்கே நின்று பொய்ச் சத்தியம் பண்ண அந்தப் பக்கத்து ஆள் எவனுக்கும் தைரியம் வராது. வர மாட்டேன் என்று சொன்னாலே பொய் என்று ஆகிவிடும். சங்கிலி தட்டிக்கழித்துப் பார்த்தான். முதுகு வலி என்றான், லீவு இல்லை என்றான். கடைசியில் வாரேன் என்றான். ஒரு கணக்குப் போட்டிருக்கிறான். சாமியைப் பிறகு தனியாகப் போய்க் கும்பிட்டு, கிடா வெட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று. சாமியைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று நினைத்தவனுக்கு, தன் முகத்திலேயே ஒரு சாட்சி இருப்பது தெரியவில்லை. அவன்தான் அதைப் பார்த்ததே இல்லையே. அது பார்க்கிற நேரமெல்லாம் அவன் தூங்கிக்கொண்டல்லவா இருந்தான்.

பங்குனி. அன்றைக்கும் நல்ல வெயில். உறவில் இருபது பேர் போனார்கள், பாண்டிராஜும் இருந்தான். ராக்கம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கதவில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கற்பூரம் ஏற்றினார்கள். சங்கிலி கதவைப் பார்க்காமல் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னைக்கு வண்டிய ஓட்டுனது பீமாராவ்தான். இது சத்தியம்." உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தான்.

எல்லாரும் கதவைப் பார்த்துக் கும்பிட்டார்கள். முத்துமீனா மட்டும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாண்டிராஜ் பார்த்தான். பிறகு ஒவ்வொருவராக...

இடது கண் நேராக இருந்தது. வலது கண் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. இல்லை... இல்லை... இல்லை... அப்புறம் மூக்கோரம் திரும்பி, வெள்ளையாகி, அப்படியே நின்றுவிட்டது.

எல்லாரும் தன் முகத்தையே பார்ப்பதைக் கண்டதும் சங்கிலி கையை வைத்துக் கண்ணை மூடினான். விரலுக்கு அடியில் அது அசைவது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அலறிக்கொண்டே இமைக்குள் விரலை விட்டு, நான் செய்த கண்ணை நெம்பி எடுத்துப் படியில் எறிந்தான். அது தெறித்து உருண்டு போனது. அதோடு போயிற்று என்று நினைத்தான் போல. முட்டாள். அசைந்தது நான் செய்த கண் இல்லையே. நான் செய்தது மேலே வைக்கிற மூடி. அசைவது அதற்குப் பின்னால் இருப்பது. திறந்த குழிக்குள், சிவந்த ஈரச் சதை மூக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டு துடிப்பதை இருபது பேரும் பார்த்தார்கள்.

படியில் உட்கார்ந்து சொல்லிவிட்டான். ஓட்டியது அவன்தான். பாட்டிலும் அவனுடையதுதான். பீமாராவ் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து நிறுத்தப் பார்த்திருக்கிறான். அடிபட்ட பிறகும் ரோட்டில் கொஞ்ச நேரம் உயிரோடு கிடந்து தண்ணீர் கேட்டிருக்கிறான். ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டதும், இவன் பிழைத்தால் உண்மையைச் சொல்லிவிடுவானே என்றுதான் சங்கிலிக்குத் தோன்றியதாம், தண்ணீர் கொடுக்காமல் அப்படியே விட்டுவிட்டானாம்.

ராக்கம்மாள் மருமகனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளிடம்தான் திரும்பினாள்.

"அவன் சொன்னான்னு நீ நம்புன சரி. அம்புட்டு வருசம் உன்னத் தூக்கி வளத்தவன்டி. ஒரு பிடி அரிசி போடலையே நீ."

பாண்டிராஜ் இதைச் சொல்லும்போது அழுதான். புருசன் செய்த துரோகம் ஒரு பக்கம் இருக்கட்டும். கேட்க ஆள் இல்லாத ஒருவனை, கூடப்பிறந்தவளே விசாரிக்காமல் தண்டித்துவிட்டாளே, அதை அவள் எங்கே கொண்டுபோய்க் கரைப்பாள்?

இருபது நாள் கழித்துச் சங்கிலி ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். தூங்கவே இல்லை என்றான். கண் வைக்காமல் விட்டதில் குழி மறுபடி சுருங்க ஆரம்பித்திருந்தது. டாக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிற உருண்டையை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினான். சீழ் இல்லை, வலி இல்லை, எதற்கு எடுக்க வேண்டும் என்று டாக்டருக்குப் புரியவில்லை. எடுத்தால் முகம் ஒரு பக்கம் குழிந்துவிடும் என்றார். பரவாயில்லை என்றான். அவன் இருந்த இருப்பைப் பார்த்து அவரே கடைசியில் மனசு இளகி, சரி, கூட இருப்பவர் யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடட்டும், பார்க்கலாம் என்றார்.

கூட வந்திருந்தது முத்துமீனாதான். அவள் அவனை விட்டுப் போகவில்லை. போவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். காகிதத்தை அவளிடம் நீட்டினேன். நீட்டியது நான்தான்.

"எடுங்கன்னு ஒரு தடவ நாந்தான் கையெழுத்துப் போட்டேன் சார். இதயும் எடுக்க விட மாட்டேன்."

சங்கிலி அவளைப் பார்த்தான். அதட்டுகிற, எரிந்து விழுகிற சங்கிலி எப்போதோ போய்விட்டிருந்தான். அவள் காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, குழி இன்னும் சுருங்குவதற்குள் புதுக் கண் ஒன்று செய்து தாருங்கள் என்றாள். பழையது கோவில் படியோடு போய்விட்டது.

சரி என்று அச்சு எடுத்தேன். வரைய உட்கார்ந்தபோது, சங்கிலியின் இடது கண்ணைப் பார்ப்பதற்காக ஜன்னல் பக்கம் அவனைத் திருப்பினேன். முத்துமீனா குறுக்கே வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் மேஜையில் வைத்தாள். பீமாராவ். பூனைக்கண். வெளிறிய தேன் நிறம், நடுவில் ஒரு பழுப்பு வளையம். அந்தக் குடும்பத்திலேயே அவன் ஒருத்தனுக்குத்தான் அப்படியாம்.

"இதப் பாத்துப் போடுங்க சார்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு முகத்தில் இரண்டு நிறத்தில் கண் வைப்பது எந்த முறை? டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சங்கிலியாவது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று அவனைப் பார்த்தேன். அவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தேன் நிறத்தைக் குழைத்தேன். இதை இன்றைக்கு வரைக்கும் டாக்டரிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

மூன்றாம் நாள் வந்தார்கள். பகல் நேரம்தான், மணி பார்க்கவில்லை. அறையில் நாங்கள் மூன்று பேர். சங்கிலியின் கீழ் இமையை இழுத்துக் கண்ணை உள்ளே வைத்தேன். அழகாக உட்கார்ந்தது. பழக்க தோஷம், விரலை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டி வலது பக்கம் நகர்த்தினேன். கருப்புக் கண் என் விரலோடு வந்தது. பூனைக்கண் வரவில்லை. அது முத்துமீனா நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் நகர்த்தினேன். அப்போதும் வரவில்லை. விரலை மடக்கிக்கொண்டேன்.

அவள் புருசனின் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு வருசம் கழித்து வெளியூரிலிருந்து வந்த ஆளைப் பார்ப்பதுபோல அந்த முகத்தை ஒரு பாதி மட்டும் பார்த்தாள்.

"போவமாண்ணே?"

பூனைக்கண் வாசல் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் சங்கிலி எழுந்தான்.